ஊர் மாறினாலும் மாறாத வரி

பணி ஓய்வுக்குப் பிறகு ஊர் மாறுவது இன்று வழக்கமாகிவிட்டது. நாக்பூரிலும் தில்லியிலும் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள் ஸ்ரீரங்கத்துக்கோ கும்பகோணத்துக்கோ திரும்புகிறார்கள். திருச்சியிலும் மதுரையிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் பிள்ளைகள் இருக்கும் பெங்களூருக்கும் ஹைதராபாதுக்கும் பெட்டி கட்டுகிறார்கள். எரிவாயு இணைப்பு, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல் என்று ஒவ்வொன்றாக மாற்றி முடிப்பதற்குள் ஜூன் மாதம் வந்துவிடுகிறது. அப்போதுதான் அந்தக் கேள்வி எழுகிறது: வருமான வரிக் கணக்கை எந்த மாநிலத்தில் தாக்கல் செய்வது?

எந்த மாநிலத்திலும் இல்லை என்பதுதான் பதில். வேளாண் வருமானம் தவிர்த்த பிற வருமானங்களின் மீது வரி விதிக்கும் அதிகாரத்தை அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணை மத்திய அரசுக்கே வழங்கியிருக்கிறது. கன்னியாகுமரியில் இருப்பவருக்கும் காஷ்மீரில் இருப்பவருக்கும் ஒரே விகிதம், ஒரே படிவம், ஒரே கடைசி நாள். கணக்குகள் எந்த ஊரிலிருந்து தாக்கல் செய்யப்பட்டாலும் அவற்றைப் பரிசீலிப்பது பெங்களூரில் உள்ள மத்தியச் செயலாக்க மையம். சிக்கிமில் ஒரு விலக்கு உண்டு. அதுவும் 1975 ஏப்ரல் 26-க்கு முன்பிருந்தே அந்த மண்ணுக்கு உரியவர்களுக்கானது. நாம் காங்டாக்கில் வீடு பிடித்துக் குடியேறினால் கிடைத்துவிடாது.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் கூடுதலாகவே இருக்கும். அங்கே பெரும்பாலான மாநிலங்கள் தனியாக வருமான வரி விதிக்கின்றன. ஃபுளோரிடா, டெக்சாஸ் போன்ற சில மாநிலங்கள் விதிப்பதில்லை. வரி விதிக்கும் இரு மாநிலங்களுக்கிடையே ஆண்டின் நடுவில் குடிபெயர்ந்தவர், இரண்டுக்கும் பகுதி ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய நேரும். மாநிலத்தை விட்டு வெளியேறியவரின் ஓய்வூதியத்துக்குப் பழைய மாநிலம் வரி கேட்கக் கூடாது என்பதற்கே 1996-இல் தனியாக ஒரு கூட்டாட்சிச் சட்டம் வேண்டியிருந்தது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. மாநில அளவில் இருப்பது தொழில் வரி மட்டுமே. அதுவும் வேலைக்கும் தொழிலுக்கும் உரியது. ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. ஓய்வூதியத்தின் மீது விதிக்கப்படுவதில்லை.

வரி மாறாது என்றால் பிறகு சிக்கல் எங்கே? வரியைச் சுற்றியுள்ள ஏற்பாடுகள் எல்லாம், முதியவர் ஒரே ஊரில், ஒரே வங்கியில், ஒரே தொலைபேசி எண்ணுடன் கடைசி வரை இருப்பார் என்ற நினைப்பில் செய்யப்பட்டிருக்கின்றன. சிக்கல் அங்கேதான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும்.

அவருக்கு வயது 77. புணேயில் மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி மறைந்த பிறகு 2024 கோடையில் கோவையில் உள்ள மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். 75 வயது நிறைந்தவர்களுக்குக் கணக்குத் தாக்கலில் இருந்து விலக்கு அளிக்கும் ஏற்பாடு ஒன்று 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஓய்வூதியமும், அந்த ஓய்வூதியம் வரும் அதே வங்கியின் வட்டியும் தவிர வேறு வருமானம் இருக்கக் கூடாது. வங்கியிடம் ஓர் உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். வங்கியே வரியைக் கணக்கிட்டுப் பிடித்துக் கட்டிவிடும். அவரும் புணேயிலேயே அந்தப் படிவத்தைக் கொடுத்திருந்தார். நான் விசாரித்த சில கிளைகளில் இப்படியொரு படிவம் இருப்பதே ஊழியர்களுக்குத் தெரியவில்லை. அந்த வகையில் அவர் அதிர்ஷ்டசாலி.

கோவையில் மகள் வீட்டுத் தெருமுனையிலேயே வேறொரு வங்கி இருந்தது. ஓய்வூதிய வங்கியின் கிளைக்குப் போக இரண்டு பேருந்து மாற வேண்டும். முட்டிவலிக்காரர் என்ன செய்வார்? கைவசம் இருந்த ஆறு லட்சம் ரூபாயைத் தெருமுனை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டார். அந்த நிதியாண்டில் 42,000 ரூபாய் வட்டி வந்தது. மூத்த குடிமக்களுக்கு அப்போதைய வரிப்பிடித்த வரம்பு 50,000 ரூபாய் என்பதால் அந்த வங்கி எதையும் பிடிக்கவில்லை. வரி பிடிக்கவில்லை என்றால் வரி இல்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். நம்மில் பலரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறோம்.

அந்த 42,000 ரூபாய் இரண்டு காரியங்களைச் செய்தது. முதலாவது, 'அதே வங்கி' என்ற நிபந்தனையை முறித்து, கணக்குத் தாக்கல் செய்ய வேண்டாம் என்ற சலுகையை நீக்கியது. இரண்டாவது, வரியையே வரவழைத்தது. ஓய்வூதியம் 6,60,000, அதில் நிலையான கழிவு 75,000 போக 5,85,000, ஓய்வூதிய வங்கியின் வட்டி 90,000. ஆக 6,75,000. புதிய வரி முறையில் அந்த ஆண்டு ஏழு லட்சம் வரை தள்ளுபடி இருந்ததால், அவருடைய வங்கி வரி ஏதுமில்லை என்று கணக்கை முடித்துவிட்டது. தெருமுனை வட்டியைச் சேர்த்தால் 7,17,000. தள்ளுபடி வரம்பைத் தாண்டிய 17,000 ரூபாய் முழுவதும் வரியாகி, கூடுதல் தீர்வையுடன் 17,680 ரூபாய் ஆயிற்று.

வரித் துறையிடம் இந்த விவரம் முழுவதும் இருந்தது. நிரந்தரக் கணக்கு எண் இருக்கும் எந்த வங்கி வட்டியும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் ஏறிவிடும். கணக்கு ஏன் தாக்கல் செய்யவில்லை என்று துறை நினைவூட்டவும் செய்தது. அந்தக் குறுஞ்செய்தி போன இடம் அவருடைய பழைய புணே எண். கோவைக்கு வந்ததும் மகள் புதிய சிம் வாங்கிக் கொடுத்திருந்தாள். பழையது ரீசார்ஜ் செய்யப்படாமல் செத்துப் போயிருந்தது. எண்ணை மாற்றாமலே மாநிலம் மாறும் வசதி 2015 ஜூலையிலேயே நாடு முழுவதும் வந்துவிட்டது. யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. டிசம்பரில் மகள் தற்செயலாக இணையதளத்தைத் திறக்க முயன்றபோது கடவுச்சொல் மறந்திருந்தது. புதிய கடவுச்சொல்லுக்கு ஒருமுறை எண் வேண்டும். அது பழைய சிம்முக்குப் போகும். ஆதார் வழியாக நுழையலாம் என்றால் ஆதாரிலும் அதே பழைய எண். ஆதார் மையத்தில் கைரேகை வைத்து எண்ணை மாற்றி, காத்திருந்து, ஆண்டு முடியும் தறுவாயில் தாமதக் கணக்கைத் தாக்கல் செய்தார்கள். தாமதக் கட்டணம் 5,000. வட்டி நீங்கலாக 22,680 ரூபாய், நாற்பத்திரண்டாயிரம் வட்டி வருமானத்துக்கு.

சட்டப்படி இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. எனக்கு அதுதான் உறுத்துகிறது. 75 வயதுக்கு மேற்பட்டவரின் சுமையைக் குறைக்கவென்றே கொண்டுவந்த ஒரு சலுகை, அவர் மகளிடம் குடிவந்த காரணத்தால் அவருக்கே கண்ணியாக மாறியது. ஒரே வங்கி என்ற நிபந்தனை, கணக்குப் போடும் பொறுப்பை வங்கியிடம் கொடுத்ததால் வந்தது. எல்லா வங்கிகளின் வட்டியும் ஏற்கெனவே துறையின் அறிக்கையில் ஓரிடத்தில் சேர்ந்துவிடும்போது, அந்தக் கூட்டலைத் துறையே செய்து, 'இவ்வளவு வரி, ஒப்புக்கொள்கிறீர்களா?' என்று கேட்பதற்கு என்ன தடை?

சென்ற நிதியாண்டிலிருந்து, அதாவது 2025 ஏப்ரல் முதல், வரம்புகள் உயர்ந்துவிட்டன. புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை தள்ளுபடி. ஓய்வூதியதாரருக்கு நிலையான கழிவைச் சேர்த்தால் 12,75,000. மூத்த குடிமக்களின் வைப்புத்தொகை வட்டிக்கு வரிப்பிடித்த வரம்பு ஒரு வங்கிக்கு ஒரு லட்சம். பெரும்பாலான ஓய்வூதியதாரர்களுக்கு இனி வரியே இல்லை என்பது உண்மை. ஆனால், கணக்கும் தாக்கல் செய்ய வேண்டியதில்லை என்று இதைப் புரிந்துகொண்டால் தவறு. 12 லட்சம் என்பது தள்ளுபடியின் வரம்பு. அடிப்படை விலக்கு வரம்பு நான்கு லட்சம்தான். மொத்த வருமானம் நான்கு லட்சத்தைத் தாண்டினால் வரி சூன்யமாக இருந்தாலும் கணக்குத் தாக்கல் கட்டாயம். பழைய முறையில் 60 வயதுக்கு மூன்று லட்சம், 80 வயதுக்கு ஐந்து லட்சம் என்று வயதுக்கு ஒரு மரியாதை இருந்தது. புதிய முறையில் வயது ஒரு பொருட்டே அல்ல.

இன்னொரு குழி, ஓய்வு பெற்று ஊர் மாறும் அதே ஆண்டில் இருக்கிறது. தில்லியில் 2025 செப்டம்பர் இறுதியில் ஓய்வு பெற்று மதுரைக்கு வந்தவர் என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆறு மாதச் சம்பளம் 8,40,000. அலுவலகம் தான் கொடுத்ததை மட்டும் கணக்கிட்டு, நிலையான கழிவும் தள்ளுபடியும் தந்து, வரி இல்லை என்று படிவம் 16 கொடுக்கும். மதுரையில் ஓய்வூதியம் வழங்கும் வங்கி, ஆறு மாத ஓய்வூதியம் 4,20,000 ரூபாய்க்கு மீண்டும் ஒருமுறை அதே கழிவைத் தந்து, வரி இல்லை என்று இன்னொரு படிவம் 16 கொடுக்கும். பணிக்கொடையையும் விடுப்புச் சம்பளத்தையும் இரு வங்கிகளில் பிரித்துப் போட்டதில் 90,000, 70,000 என்று வட்டி வந்திருக்கிறது. இரண்டுமே ஒரு லட்சத்துக்குக் கீழே என்பதால் பிடித்தம் இல்லை. ஆக, நான்கு இடத்திலும் வரி சூன்யம்.

ஆனால், கழிவு ஒருவருக்கு ஒருமுறைதான். மொத்தம் 14,20,000, அதில் 75,000 கழித்தால் 13,45,000. வரியும் தீர்வையும் சேர்த்து 85,020 ரூபாய். நான்கு சூன்யங்களைக் கூட்டினால் எண்பத்தைந்தாயிரம் வருவது கணிதத்தில் சாத்தியமில்லை. வருமான வரியில் சாத்தியம். தொழில் வருமானம் இல்லாத 60 வயதுக்காரருக்கு முன்கூட்டிய வரி கட்டும் கடமை இல்லை என்பது ஒரே ஆறுதல். ஜூலை 31-க்குள் கட்டினால் வட்டி விழாது. ஓய்வூதிய வங்கியிடம் சம்பள விவரத்தை முன்பே எழுதிக் கொடுத்தால், மாதாமாதம் பிடித்துக்கொண்டு கடைசி நேர அதிர்ச்சியைத் தவிர்க்கலாம். தில்லி அலுவலகத்தின் படிவம் 16 பழைய முகவரிக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்புதான்.

மாநிலம் மாறுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டை விற்றுவிட்டு வருகிறார்கள். பெரும் பணம் புழங்குவது அங்கேதான். நாக்பூரில் 1996-இல் வாங்கிய வீட்டை ஒருவர் 2025-இல் 90 லட்சத்துக்கு விற்கிறார் என்போம். 2001-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால், 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த சந்தை மதிப்பை அடக்க விலையாகக் கொள்ளலாம். அது ஏழு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூலை 23-க்கு முன்பு வாங்கிய வீடுகளுக்கு இரண்டு வழிகள் உள்ளன. பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீதம், அல்லது சரிக்கட்டலுடன் 20 சதவீதம். எது குறைவோ அது. முதல் வழியில் 83 லட்சம் ஆதாயத்துக்கு 10,37,500 ரூபாய். இரண்டாவது வழியில், 2025-26-க்கான குறியீட்டு எண் 376 என்பதால் அடக்க விலை 26,32,000 ஆக உயரும். ஆனாலும் வரி 12,73,600. எனவே இவருக்கு முதல் வழிதான் லாபம். அடக்க விலை அதிகமாக இருப்பவருக்கு இது தலைகீழாகலாம். போட்டுப் பார்க்காமல் தெரியாது.

இதே மனிதர் திருச்சியில் முத்திரைத் தீர்வையும் பதிவுச் செலவும் சேர்த்து 70 லட்சத்துக்கு வீடு வாங்கினால், மீதி 13 லட்சத்துக்கு மட்டும்தான் வரி, தீர்வையுடன் 1,69,000. விற்ற வீடு மகாராஷ்டிரத்திலும் வாங்கிய வீடு தமிழ்நாட்டிலும் இருப்பதால் எந்தப் பாதகமும் இல்லை. புதிய வீடு இந்தியாவுக்குள் இருந்தால் போதும். விற்பதற்கு ஓராண்டு முன்போ, விற்று ஈராண்டுக்குள்ளோ வாங்கலாம். கட்டுவதாக இருந்தால் மூன்றாண்டு. கணக்குத் தாக்கலின் கடைசி நாளுக்குள் வீடு அமையவில்லை என்றால், பணத்தைச் சேமிப்புக் கணக்கில் வைத்திருந்தால் சலுகை போய்விடும். குறிப்பிட்ட வங்கிக் கிளைகளில் உள்ள மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் போட வேண்டும். மேற்சொன்ன 12 லட்சம் தள்ளுபடி இந்த ஆதாயத்துக்குப் பொருந்தாது. வீடு விற்ற ஆண்டில் எளிய படிவம் ஒன்றையும் பயன்படுத்த முடியாது.

வீட்டைப் பிள்ளையின் பெயரில் வாங்கிவிடலாம் என்ற ஆசைக்கு ஓர் எச்சரிக்கை. அப்படி வாங்கியதற்குச் சலுகை உண்டா என்பதில் உயர்நீதிமன்றங்களின் தீர்ப்புகள் ஒன்றுபோல் இல்லை. எழுபது வயதில் வழக்காட விரும்பாதவர் தன் பெயரிலேயே பத்திரம் பதிவது நல்லது. கோவையைச் சுற்றிப் பெருகியுள்ள முதியோர் குடியிருப்புகளில் திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை கட்டிக் குடியிருப்பவர்களும், அதை வீடு வாங்கியதாகக் காட்ட முடியும் என்று நம்பிவிடக் கூடாது.

முகவரி விஷயத்துக்கு வருவோம். நிரந்தரக் கணக்கு எண்ணின் பதிவில் ஒரு முகவரி, வரித் துறை இணையதளத்தில் ஒரு முகவரி, ஆதாரில் ஒன்று, வங்கியில் ஒன்று. ஒன்றை மாற்றினால் மற்றொன்று தானாக மாறாது. கணக்கை எந்த ஊரிலிருந்து தாக்கல் செய்தாலும், நிரந்தரக் கணக்கு எண் ஒரு குறிப்பிட்ட வட்டார அதிகாரியின் எல்லைக்குள்தான் இருக்கும். முகவரியை மாற்றிய பிறகு, எல்லையை மாற்றும்படி தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நேரில் சந்திக்காத மதிப்பீட்டு முறை வந்த பிறகு இது தேவையா என்று கேட்கலாம். பல ஆண்டுகளுக்கு முந்தைய நிலுவை என்று ஒரு தொகை திடீரெனத் தோன்றி, வர வேண்டிய பணத்தில் கழித்துக்கொள்ளப்படும்போது தேவை புரியும். அதைத் திருத்தும் அதிகாரம் அந்த வட்டார அதிகாரியிடம்தான் இருக்கும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு லக்னௌ அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

வேறோர் இடத்தில் இது தீர்க்கப்பட்டிருக்கிறது. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் ஓய்வூதியம் பெறுவோர் முன்பெல்லாம் ஊர் மாறினால் ஓய்வூதிய ஆணையை ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு மாற்ற வேண்டும். 2025 ஜனவரியில் மையப்படுத்தப்பட்ட வழங்கல் முறை முழுமையாக நடைமுறைக்கு வந்ததும், நாட்டின் எந்த வங்கியின் எந்தக் கிளையிலும் ஆணையை மாற்றாமலே பணம் பெறலாம் என்றாயிற்று. பணம் கொடுப்பதில் முடிந்தது, வரி கேட்பதில் ஏன் முடியாது?

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன என்பதால்தான் இக்கட்டுரையில் அவற்றைத் தவிர்த்திருக்கிறேன். 2026 மார்ச் 31 வரை ஈட்டிய வருமானத்துக்கு, இந்த ஜூலையில் தாக்கல் செய்யும் கணக்கு, 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படிதான். சட்டத்தின் மொழி எளிமையாகியிருக்கிறது. மகள் வீட்டுக்குக் குடிபோகும் முதியவரின் நிலை அதில் மாறவில்லை.

கோவை பெரியவரின் கதையில் கடைசியாக ஒன்று. இந்த முறை அவர் நேரத்தோடு தயாராகிவிட்டார். சென்ற ஆண்டு வரியாகப் பிடித்த சில ஆயிரம் ரூபாய் அவருக்குத் திரும்ப வர வேண்டும். ஓய்வூதியக் கணக்கைப் புணேயிலிருந்து கோவைக் கிளைக்கு மாற்றியிருந்தார். கணக்கு எண் மாறவில்லை. கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீடு மாறிவிட்டது. இணையதளத்தில் பழைய குறியீடே இருந்தால் அந்தப் பணம் வந்து சேராது என்று சொன்னேன். 'இதுவுமா?' என்று கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு காசோலைப் புத்தகத்தைத் தேடப் போனார்.